தலைகீழாக வந்த ராகு

அத்தியாயம் ஏழு

தூத்துக்குடியில் 'துப்பறியும் நிபுணர்' என்று பலகை மாட்டியிருந்தவர் ஒரே ஆள்தான். அவர் வெள்ளத்துரை. போட்டிக்கு ஆள் இல்லாததால், ஊரிலேயே முதல் துப்பறிவாளர் என்று அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் பொய் எதுவும் இல்லை. கடைசியும் அவர்தான் என்பதை அவருடைய மைத்துனனும் உதவியாளனுமான மாசானம் மறக்காமல் சேர்த்துச் சொல்லுவான். முன்பு துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், காணாமல் போன பஞ்சுப் பொதி ஒன்றை வெள்ளத்துரை கண்டுபிடித்துக் கொடுத்தார். பொதியைத் தேடிக் களைத்துப்போய் அவர் உட்கார்ந்ததே அந்தப் பொதியின் மேல்தான். இருந்தாலும் அன்றைக்கு எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் காதிலேயே நின்றுவிட்டதால் மறு மாதமே வேலையை விட்டுவிட்டார்.

இந்தக் கதை நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலில், ஆடி அமாவாசை அன்று. அமாவாசையோடு சூரிய கிரகணமும் சேர்ந்துகொண்டதால் ஊர் ஜனம் முழுக்கக் கடலுக்குப் போயிருந்தது. சண்டைக் காலம் என்று சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. ராகுவுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, பழைய நேரப்படிதான் வந்து பிடித்தான். புது நேரத்தை நம்பிச் சீக்கிரமே தண்ணீரில் இறங்கியவர்கள் விறைத்துப்போய் நின்றார்கள்.

கிரகணம் பிடித்தது பூச நட்சத்திரத்தில். வெள்ளத்துரை பிறந்ததும் பூசம். கிரகணம் பிடிக்கிற நட்சத்திரக்காரர்களும், அதற்குக் கூட்டான அனுஷம், உத்திரட்டாதிக்காரர்களும், மந்திரம் எழுதிய பனையோலைப் பட்டத்தை நெற்றியில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். விட்ட பிறகு அதை அவிழ்த்துக் கடலில் போட்டு முங்கி எழ வேண்டும். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சந்திரன் வருகிறது, அதன் நிழல் நம் மேல் விழுகிறது, இதில் ஓலைக்கு என்ன வேலை என்று வெள்ளத்துரை தம் மனைவி செல்லக்கனிக்கு விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். உண்மையைச் சொன்னால், அவருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான்.

கிரகணம் விட்டதும் பட்டத்தைக் கடலில் போடக் கிளம்பியவரை வழியிலேயே ஆள் வந்து மறித்தது. கருப்பட்டி மண்டி ராஜதுரை அண்ணாச்சி வீட்டில் முத்துக் களவு போய்விட்டதாம், உடனே வரச் சொன்னாராம். நெற்றியில் ஓலையோடு போனால் துப்பறிவாளர் என்று யார் மதிப்பார்கள்? தொப்பியை எடுத்துப் புருவம் வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டார்.

"அத்தான், தொப்பிக்குக் கீழ ஓலை எட்டிப் பாக்கு," என்றான் மாசானம்.

"பாக்கட்டும். அது கண்ணைத் திறந்து வச்சிருந்தா நமக்கு உதவிதான்."

விஷயம் இதுதான். ஊரில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அண்ணாச்சி சுண்டைக்காய் பருமனில் ஒரு முத்து எடுத்து வைத்திருந்தார். ஆவணியில் அவருடைய மகள் முத்துக்கனிக்குக் கல்யாணம், அதற்குப் பதக்கத்தில் பதிக்க வேண்டியது அந்த முத்து. எப்போதும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும், சாவி அவர் இடுப்பில் இருக்கும். ஆனால் இந்தக் கிரகணம் கடக ராசியில் வருகிறது. கடகம் சந்திரனுடைய சொந்த வீடு. முத்தும் சந்திரனுக்கு உரியது. கிரகண வேளையில் முத்து இரும்புக்குள் அடைபட்டுக் கிடந்தால் போட்டுக்கொள்கிறவளுக்கு ஆகாது, பால் கிண்ணத்தில் போட்டுத் தர்ப்பையால் மூடிப் பூஜை அறையில் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அப்படியே வைத்தார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போய் முங்கிவிட்டு வந்து பார்த்தால் பாலும் தர்ப்பையும் இருந்தன, முத்து இல்லை.

வீட்டுக்குள் இருந்தது ஒருத்திதான். வேலைக்காரி சந்தனமாரி. ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி, கிரகண வெளிச்சம் மேலே படக் கூடாது என்று பின்கட்டில் கருப்பட்டி வைக்கிற இருட்டறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவள். புருஷன் தோணியில் கொழும்புக்குப் போயிருக்கிறான். அண்ணாச்சி வாசலில் நின்று போட்ட கூச்சலில் அவள் திருடி என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கிருபாநிதி கடற்கரையில் கூட்டத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார், கூட்டம் கலைந்ததும் வந்து அவளைக் கூட்டிப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குள் முத்து எங்கே என்று அவள் வாயிலிருந்து வரவழைப்பதற்குத்தான் வெள்ளத்துரையைக் கூப்பிட்டிருந்தார் அண்ணாச்சி.

சந்தனமாரி இன்னும் அந்த அறைக்குள்தான் இருந்தாள். வெளியே வந்தால் அடிப்பார்களோ என்ற பயம். வெள்ளத்துரை பேச்சுக் கொடுக்கவும் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பொய் சொல்லல சார். எதுத்த சுவத்துல ஒரு ஆளு வந்தான். தலை கீழ, காலு மேல. அப்படியே நடந்து போனான். நெத்தியில வெள்ளையா ஒரு பட்டை கெடந்துச்சு. நான் வயித்தைப் பிடிச்சிக்கிட்டுக் கண்ண மூடிட்டேன்."

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். ராகுவே நேரில் வந்து முத்தை எடுத்துக்கொண்டு போனான் என்று இவள் கதை கட்டுகிறாள், இதையும் உட்கார்ந்து கேட்கிறீரே என்றார்.

"ராகுவா இருக்க முடியாது அண்ணாச்சி," என்றான் மாசானம். "ராகுன்னா வெறும் தலைதான். உடம்பும் காலும் கேதுகிட்ட இருக்கு. இவ ரெண்டையும் சேத்துப் பாத்திருக்கா. பாத்தது முழு மனுஷன்."

அண்ணாச்சி முறைத்தார். வெள்ளத்துரைக்குச் சுருக்கென்றது. அந்த யோசனை தமக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? அந்த ஆத்திரத்திலேயே, அறையைத் தாம் தனியாகச் சோதிக்கப் போவதாகச் சொல்லி உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே கும்மிருட்டு. கருப்பட்டி வாசம் மூக்கை அடைத்தது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். இருட்டில் எதுவுமே தெரியாதபோது அதைப் பெரிதாக்கிப் பார்த்து என்ன பிரயோஜனம் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எதிர்ச் சுவரில் ஓர் உருவம் அசைந்தது. தலை கீழே, கால் மேலே. வாயிலிருந்து புகை தரையைப் பார்த்து இறங்கியது. அப்படியே மெள்ள நடந்து சுவரின் நடுவுக்கு வந்து நின்றது.

வெள்ளத்துரை போட்ட சத்தம் பீச் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். கத்தினாலும் ஆண்பிள்ளையாகக் கத்தியிருக்கலாம், அவர் கத்தியது "ஏளா செல்லக்கனி" என்று. கதவை முட்டித் திறந்து வெளியே வந்து விழுந்தபோது தொப்பி ஒரு பக்கம் உருண்டது, பூதக்கண்ணாடி ஒரு பக்கம் உருண்டது. முற்றத்தில் ஜன்னலுக்கு நேரே மாசானம் பீடியை உதட்டில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"என்ன அத்தான், அக்காவையா பாத்திய? அவ இன்னும் வரலியே."

வெள்ளத்துரையின் பார்வை ஜன்னலில் நின்றது. பலகைக் கதவில் மரக்கணு உதிர்ந்து ஒரு சின்ன ஓட்டை விழுந்திருந்தது. காலையில் வீட்டு வாசல் வழியாக வேப்பமரத்தடியில் பார்த்தது அவருக்கு ஞாபகம் வந்தது. கிரகணம் பிடித்திருந்தபோது இலை இடுக்கு வழியாகத் தரையில் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் வட்டமாக இல்லாமல் அரிவாள் அரிவாளாகக் கிடந்தன. ஒவ்வோர் இடுக்கும் சூரியனைத் தரையில் தலைகீழாக எழுதிக் காட்டும் என்பது மிஷன் பள்ளிக்கூடத்துச் சயின்ஸ் வாத்தியார் பிரம்போடு சொல்லிக் கொடுத்த பாடம். இருட்டறை, சின்ன ஓட்டை, வெளியே வெயில். முற்றத்தில் யார் நடந்தாலும் உள்ளே சுவரில் தலைகீழாக நடப்பான். வெள்ளத்துரை மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஓட்டையை ஒரு விரலால் அடைத்துப் பார்த்தார். மாசானம் சுவரிலிருந்து காணாமல் போனான். விரலை எடுத்ததும் பீடியோடு திரும்பி வந்தான்.

"அண்ணாச்சி, இவ பாத்தது பேயும் இல்ல, ராகுவும் இல்ல," என்று வெளியே வந்து பெருமிதமாக அறிவித்தார். "இந்த முத்தத்துல நடந்து பூஜை அறைக்குப் போன மனுஷன். முத்தை எடுத்தது அவன்தான்."

அண்ணாச்சி அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. அவர் பார்வை வெள்ளத்துரையின் நெற்றியில் இருந்தது. சந்தனமாரியின் பார்வையும் அங்கேதான் இருந்தது.

"இதே பட்டைதான்," என்றாள் அவள் மெதுவாக. "இதேதான் சார், நான் பாத்தது."

தொப்பியை மறந்துவிட்டோம் என்பது வெள்ளத்துரைக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணாச்சி எட்டி அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். துப்பறியக் கூப்பிட்ட ஆளே திருடன் என்றால் கூலி மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ, பிடி இரும்பாக இருந்தது. எத்தனையோ வழக்குகளில் ஆள் மாற்றிப் பிடித்திருந்த வெள்ளத்துரை, தாமே ஆள் மாறிப் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

மாசானம்தான் காப்பாற்றினான். அத்தான் கிரகணம் விடுகிற வரைக்கும் வீட்டுக் கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருந்ததற்கு அக்கா சாட்சி, கடலுக்குப் போகாத பக்கத்து வீட்டுக்காரர்களும் சாட்சி என்றான். "அதோட, ஆள் இல்லாத வீட்டுல புகுந்து முத்தெடுக்குத சாமர்த்தியம் அத்தானுக்கு இருந்தா எங்க அக்கா ஏன் அண்ணாச்சி ரேஷன் அரிசிக்கு அழுதுக்கிட்டு இருக்கா?"

இந்த வாதம் அண்ணாச்சிக்கு நியாயமாகப் பட்டது. சட்டையை விட்டார். இவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்க வேண்டாம் என்று வெள்ளத்துரைக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் துப்பு கிடைத்துவிட்டது. வந்தவன் பட்டம் கட்டியவன். முத்து வெளியே இருக்கும் என்பது தெரிந்தவன். அப்படித் தெரிந்த ஆண்பிள்ளைகள் மூன்று பேர்தான்: அண்ணாச்சி, ஜோசியர் மந்திரமூர்த்தி, முத்துக்கனிக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளை வன்னியபெருமாள். மாப்பிள்ளை ரங்கூனில் கடை வைத்திருந்து, சண்டை வந்ததும் திரும்பியவராம். அமாவாசை முழுக்குக்கென்று வந்து இந்த வீட்டிலேயே தங்கியிருந்தார்.

ஜோசியர் விருந்துக்காக முன்கட்டுப் பெஞ்சில் காத்திருந்தார். அன்று கடற்கரையில் கூடை வைத்துப் பட்டம் விற்றவரே அவர்தான், ஆகவே கிரகணம் முழுக்க அவரைச் சுற்றி ஊரே நின்றது. அண்ணாச்சிக்கு மகம் நட்சத்திரம். மாப்பிள்ளையின் சாதகத்தை ஜோசியரே பார்த்துப் பொருத்தம் சொல்லியிருக்கிறார், அதில் ரோகிணி என்று இருக்கிறது. இரண்டு நட்சத்திரத்துக்கும் இந்தக் கிரகணத்தில் பட்டம் தேவையில்லை. கேட்கக் கேட்க வெள்ளத்துரையின் முகம் சுருங்கியது. ஜோசியரைத் தள்ளிவிட்டால், மீதி இரண்டு பேரில் பட்டம் கட்ட வேண்டியவர் ஒருவரும் இல்லை.

"முத்தைப் பாலுல போடச் சொன்னது நீருதானே வே?" என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தார்.

"நான் எதுக்குச் சொல்லுதேன்? மாப்பிள்ளை சொல்லியிருக்காரு. ரங்கூன்ல அப்படித்தானாம். அண்ணாச்சி வந்து கேட்டாரு, கெடுதல் இல்லைன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

வெள்ளத்துரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பின்கட்டிலிருந்து சந்தனமாரி இருமுகிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் வந்தால் அவளைத்தான் கூட்டிப் போவார், சுவரில் தெரிந்த படத்தைச் சாட்சி சொல்ல வைக்க முடியாது. லாக்கப்பில் அவளுக்கு வலி எடுத்தால் யார் பொறுப்பு? வெள்ளத்துரையின் கை தானாக நெற்றிக்குப் போய் ஓலையைத் தடவிக்கொண்டது. இவ்வளவு சயின்ஸ் பேசிவிட்டு இதை ஏன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்? பயம்தான், வேறென்ன. யாரை ஏமாற்றினாலும் ராகுவை ஏமாற்ற முடியாது என்கிற பயம். யோசனை இந்த இடத்துக்கு வந்ததும் சட்டென்று எழுந்து நின்றார்.

"வே ஜோசியரே, சாதகத்தை மாத்தி எழுதலாமா?"

"ஏன், பொருத்தம் வரணும்னா எழுதுதவனும் உண்டு."

"மாத்தி எழுதினவன் கிரகணத்துக்கு எந்த நட்சத்திரத்துப் பட்டத்தைக் கட்டுவான்?"

மந்திரமூர்த்தி மடியிலிருந்த பொடி டப்பியை எடுத்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, நிஜ நட்சத்திரத்துக்குத்தான் என்றார். கட்டுகிறவன் உயிர் அல்லவா?

திட்டத்தை வெள்ளத்துரை அவர் காதில் சொன்னார். ஜோசியருக்கு முதலில் சம்மதமில்லை. கிரகணம் எதனால் வருகிறது என்று தமக்கும் தெரியும், பஞ்சாங்கம் கணிப்பதே சந்திரன் எந்த வழியாகப் போகிறது என்று கணக்குப் போட்டுத்தான், நிழல் என்று சொன்னால் யாரும் தட்சிணை வைக்க மாட்டார்கள் என்பதால் ராகு என்று சொல்கிறோம், ஆனால் சாஸ்திரத்தை வைத்துப் பொய் சொன்னதில்லை என்றார். மாசானம் அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய், கதவோரம் உட்கார்ந்திருந்த சந்தனமாரியைக் காட்டிக் கூட்டி வந்தான். திரும்பி வந்தவர் மறுபேச்சுப் பேசவில்லை.

இலை போட்டார்கள். அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. வன்னியபெருமாளுக்கு நன்றாகவே இறங்கியது, ஆள் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டார். ஜோசியர் அப்போதுதான் பெருமூச்சு விட்டு, ஒரு தப்பு நடந்துபோச்சு அண்ணாச்சி என்று ஆரம்பித்தார். இந்த வருஷம் பட்டத்துக்கு வெட்டிய ஓலை தீட்டுப்பட்ட வீட்டு மரத்து ஓலையாம், இப்போதுதான் தெரிந்ததாம். அதைக் கட்டினவர்களுக்குத் தோஷம் தீராதது மட்டுமில்லை, இரண்டு பங்காகத் திரும்பும். பொழுது சாய்வதற்குள் பழைய ஓலையைக் கொண்டுவந்து கொடுத்து வேறு கட்டிக்கொள்ள வேண்டும்.

"பூசத்துக்குமா?" என்றார் வெள்ளத்துரை. குரல் நிஜமாகவே நடுங்கியது. திட்டம் போட்டதே தாம்தான் என்பது அந்த நிமிஷம் அவருக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மாசானம் அவர் தொடையைக் கிள்ளினான்.

"பூசம், அனுஷம், உத்திரட்டாதி மூணுக்கும்தான்," என்றார் ஜோசியர். "உங்களுக்குப் பயமில்ல மாப்பிள்ளை. ரோகிணிக்கு ஒண்ணும் செய்யாது. நீங்க சாப்பிடுங்க."

வன்னியபெருமாள் சாப்பிடவில்லை. உருட்டிய கவளம் கையிலேயே இருந்தது. கொஞ்சம் தண்ணீர் குடித்தார். கடைசியில், தமக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான், அவனுக்கு அனுஷம், அவனும் பட்டம் கட்டியிருந்தான், அவன் சார்பில் தாமே புது ஓலை வாங்கிப் போகலாமா என்று கேட்டார்.

"கூடாது. கட்டினவரே வரணும். எங்க இருக்காரு?"

"ரங்கூன்ல."

"பட்டம் நான் காலையில இங்கன கடற்கரையில வித்தது," என்றார் ஜோசியர். "ரங்கூனுக்கு எப்படிப் போச்சு?"

வன்னியபெருமாளின் இடது கை இடுப்பு மடிப்புக்குப் போனது. மாசானம் அதற்கு முன்னாலேயே எழுந்து பின்பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தான். மடிப்பில் இருந்ததை அவன் உருவிப் போட்டான்: நான்காக மடித்த ஓலைப் பட்டம் ஒன்று, ஒரு சுண்ணாம்பு டப்பி. வெற்றிலையே போடாத மாப்பிள்ளைக்குச் சுண்ணாம்பு எதற்கு என்று கேட்டுக்கொண்டே மாசானம் டப்பிக்குள் விரலை விட்டுத் துழாவினான். சுண்ணாம்புக்குள்ளிருந்து சுண்டைக்காய் பருமனில் முத்து வந்தது.

மீதியை மாப்பிள்ளையே அழுதுகொண்டு சொன்னார். கடையும் கிடையாது, கல்யாண எண்ணமும் கிடையாது. முத்து இந்த வீட்டில் இருப்பது தெரிந்துதான் பொருத்தமாகச் சாதகம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். கடலில் எல்லாரும் கண்ணை மூடி முங்குகிறபோது நழுவி, வேறோர் ஆளை விட்டு வாங்கி ஒளித்து வைத்திருந்த பட்டத்தைக் கட்டிக்கொண்டு, காலையிலேயே தாழ்ப்பாள் எடுத்து வைத்திருந்த கொல்லைக் கதவு வழியாக வந்துவிட்டுப் போயிருக்கிறார். பட்டத்தை மட்டும் விட்டெறிய மனம் வரவில்லை, எல்லாரோடும் முங்கும்போது போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மடியில் வைத்துக்கொண்டாராம். அவரைப் பார்க்க வெள்ளத்துரைக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது, அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் கிருபாநிதி வந்து மாப்பிள்ளையைக் கூட்டிப் போனார். போகும்போது வெள்ளத்துரையின் முதுகில் தட்டிக்கொடுத்து, இந்தத் தடவை எதன் மேல் உட்கார்ந்திருந்தீர் என்று விசாரித்தார். கல்யாணம் நின்றுபோன சந்தோஷத்தில் முத்துக்கனி அடுக்களை வாசலில் நின்று சிரித்தது அண்ணாச்சிக்குத் தெரியாது, மாசானத்துக்குத் தெரிந்தது.

அண்ணாச்சி பின்கட்டுக்குப் போனார். முத்து கிடைத்துவிட்டது, நீ எடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது, வந்து சாப்பிடு, பிரசவச் செலவு எல்லாம் என் பொறுப்பு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சந்தனமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத உடம்பு. அவள் இலைப் பக்கம் போகவில்லை, நேராக முன்கட்டைத் தாண்டி வாசலுக்கு வந்து நின்றாள்.

"இதை இங்கன வந்து சொல்லுங்க அண்ணாச்சி."

அவருக்குப் புரியவில்லை. வெள்ளத்துரைக்குப் புரிந்துவிட்டது.

"திருடின்னு தெருவுல நின்னுதான சொன்னிய? எம் புருஷன் தோணியில வந்து எறங்கினா அவனுக்கு மொதல்ல சொல்லப் போறது இந்தத் தெருதான். எடுக்கலைன்னும் தெருவுல நின்னு சொல்லுங்க."

கடலிலிருந்து திரும்பிய ஜனங்கள் ஈரத் துணியோடு போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி படி இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சந்தனமாரி எடுக்கவில்லை, நான்தான் அநியாயமாகச் சொல்லிவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நாலைந்து பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"கடைசி வீடு வரைக்கும் கேக்கல அண்ணாச்சி," என்றாள் சந்தனமாரி.

ராஜதுரை அண்ணாச்சி நிமிர்ந்து, காலையில் போட்ட அதே குரலில் மறுபடியும் சொன்னார்.